வெளியே தள்ளுவது யார்?

ரத்தப் பரிசோதனைக்குப் போனால், ஊசியை எடுத்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். பார்க்க வேண்டிய காட்சி அதற்குப் பிறகுதான் உள்ளே நடக்கிறது. அடுத்த முறை போகும்போது அனுமதி கேட்டுக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மேசைமேல் மூடி போட்ட ஓர் இயந்திரம் இருக்கும். அதன் பெயர் சென்ட்ரிஃபியூஜ். பாடநூலில் மையவிலக்கி என்று படித்திருப்பீர்கள். மூடியைத் திறந்தால் வட்டமாகச் சில குழிகள். லேப் அக்கா ரத்தக் குழாயை ஒரு குழியில் வைப்பார். அதற்கு நேர் எதிர்க் குழியில் அதே எடையுள்ள இன்னொரு குழாயை வைப்பார். வேறு ரத்தம் இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய குழாயாவது வைப்பார். பிறகு மூடியைப் பூட்டி ஓட விடுவார். முதலில் மெல்லிய முனகல் கேட்கும், கொஞ்ச நேரத்தில் அது ஒரே சீரான ரீங்காரமாகிவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சேர்த்த குழாயாக இருந்தால், சில நிமிடங்களில் அது வெளியே வரும்போது அதே ரத்தம்தானா என்று தோன்றும். மேலே பாதிக்குச் சற்று அதிகமாக, வைக்கோல் நிறத்தில் தெளிந்த திரவம் நிற்கும். அது பிளாஸ்மா. அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள், ஏறக்குறைய 45 சதவீதம். இரண்டுக்கும் நடுவே, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் மெல்லிய வெண்கோடு ஒன்று. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் அங்கே இருக்கின்றன. குழாயில் இருந்த ரத்தத்தில் கிருமிகளோடு மல்லுக்கட்டும் அணுக்கள் அத்தனையும் அந்தக் கோட்டுக்குள் அடக்கம்!

யாரும் வடிகட்டவில்லை, பிரிப்பதற்கென்று எதையும் கலக்கவில்லை. சுற்றியது மட்டும்தான். சுற்றினால் ஏன் பிரிய வேண்டும்?

“சுற்றும்போது எல்லாமே வெளியே தள்ளப்படுகிறது. கனமானது அதிகமாகத் தள்ளப்படுகிறது.” பெரியவர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தள்ளுவதென்றால் தள்ளுகிற ஒன்று இருக்க வேண்டும். குழாய்க்கு உள்ளே, மையத்தின் பக்கம் நின்று ரத்தத்தை வெளியே தள்ளுவது எது? தேடிப் பாருங்கள். அப்படி எதுவும் கிடையாது.

கவணை எடுத்துக்கொள்வோம். தினைக் கொல்லையில் கிளி விரட்ட, கயிற்று மடிப்பில் கல்லை வைத்துத் தலைக்கு மேலே சுழற்றுவார்களே, அதுதான். சுழலும் கல் ஒவ்வொரு கணமும் நேராகப் போகத்தான் பார்க்கிறது. கயிறு விடுவதில்லை. கையை நோக்கி உள்ளே இழுத்து இழுத்து அதன் பாதையை வளைத்துக்கொண்டே இருக்கிறது. கயிற்றின் ஒரு முனையை விட்டுவிட்டால் கல் எந்தப் பக்கம் போகும்? கையிலிருந்து விலகி நேரே வெளியே போகும் என்றுதான் பலரும் சொல்வார்கள். அப்படிப் போகாது. விட்ட கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ, அதே திசையில், வட்டத்தைத் தொட்டுச் செல்லும் நேர்க்கோட்டில் கிளம்பும். அதனால்தான் கவண் எறிபவர் குறிக்கு நேராகக் கல் வரும்வரை காத்திருப்பதில்லை. அதற்கு முன்பே, கால் வட்டம் மிச்சமிருக்கும்போதே விட்டுவிடுகிறார்.

ஆக, ஒரு பொருள் வட்டமடிக்க வேண்டுமென்றால் அதற்கு உள்நோக்கி ஒரு விசை கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மையநோக்கு விசை என்பது இதைத்தான். கிடைத்தால் பாதை வளையும், கிடைக்காவிட்டால் நேராகப் போகும்.

இனி ரத்தக் குழாய்க்குள் இறங்குவோம். அங்கே கயிறு கிடையாது. குழாயின் அடிப்பக்கம் தன்னைத் தொடும் திரவத்தை மையத்தை நோக்கித் தள்ளுகிறது. அந்தத் திரவம் தனக்கு அடுத்திருப்பதைத் தள்ளுகிறது. இப்படியே அடுக்கடுக்காகப் போகிறது. பிளாஸ்மாவுக்குள், ஒரு சிவப்பணுவின் அளவே உள்ள ஒரு துளியை மனதுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற பிளாஸ்மாவோடு சேர்ந்து அதுவும் ஒழுங்காக வட்டமடிக்கிறது. அப்படியானால் அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்மா, அதற்கு வேண்டிய விசையைக் கூடாமல் குறையாமல் கொடுக்கிறது என்று பொருள்.

இப்போது அந்தத் துளியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு சிவப்பணுவை வைப்போம். சுற்றியிருக்கும் பிளாஸ்மாவுக்கு ஆள் மாறியது தெரியாது. பழைய அளவு விசையைத்தான் கொடுக்கும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவின் எடை சுமார் 1.03 கிராம், ஒரு மில்லிலிட்டர் சிவப்பணுக்களின் எடை சுமார் 1.1 கிராம். கூடுதல் எடையுள்ளதை வளைக்கக் கூடுதல் விசை வேண்டும். கிடைப்பதோ பிளாஸ்மாத் துளிக்கு அளந்த விசை. அது போதவில்லை. சிவப்பணுவால் மற்றவற்றைப் போல முழுதாக வளைய முடியவில்லை. சுற்றுக்குச் சுற்று இம்மி இம்மியாக வெளிப்பக்கம் ஒதுங்கி, கடைசியில் குழாயின் அடியைச் சேர்கிறது. யாரும் அதை வெளியே தள்ளவில்லை. உள்ளே தள்ள வேண்டிய அளவுக்குத் தள்ளவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பிளாஸ்மாவைவிட லேசான ஒன்றை அங்கே வைத்தால் என்ன ஆகும்? அதற்குக் கிடைக்கும் விசை தேவைக்கு மேல். எனவே அது மையத்தை நோக்கி உள்ளே போக வேண்டும். ‘எல்லாமே வெளியே தள்ளப்படுகிறது’ என்ற பதில் சரியாக இருந்தால் இப்படி நடக்கவே கூடாது, இல்லையா? நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, நெல்லிக்காய் அளவுக்கு மட்டும் காற்றுக்குமிழி மிஞ்சும்படி இறுக மூடுங்கள். கையை நீட்டி, பாட்டிலைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். ஒரு முனை உங்களைப் பார்க்க வேண்டும், மறுமுனை வெளியே பார்க்க வேண்டும். இருந்த இடத்திலேயே நாலைந்து சுற்று சுற்றுங்கள். வெட்டவெளியில் தரையில் நின்று செய்யுங்கள்; தலை சுற்றும், மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம். குமிழி விறுவிறுவென்று உங்கள் பக்கத்து முனைக்கு ஓடி வந்துவிடும்!

பால் பண்ணைகளில் க்ரீம் எடுப்பது இந்தக் குமிழியின் வழியில்தான். பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் சில கூறுகள் அளவே இருக்கும். கறந்த பாலை அகலமான பாத்திரத்தில் அசையாமல் வைத்தால் கொழுப்பு தானாக மேலே வரும், ஆனால் பல மணி நேரம் ஆகும். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாஃப் டி லாவல் 1878-ல் ஓர் இயந்திரம் செய்தார். சுழலும் கிண்ணத்துக்குள் பால் இடைவிடாமல் வந்து விழும். கொழுப்பு நீங்கிய பால் வெளி ஓரத்துக்குப் போய் ஒரு வழியாக வெளியேறும். லேசான க்ரீம் நடுவுக்கு வந்து இன்னொரு வழியாக வெளியேறும். நிறுத்தவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இன்றும் பண்ணைகளில் இப்படிப் பிரித்தெடுத்த க்ரீமை வேண்டிய அளவு திரும்பச் சேர்க்கிறார்கள். பால் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், 4.5 சதவீதம், 6 சதவீதம் என்று அச்சிட முடிவது அதனால்தான்.

சுற்றுவதால் எவ்வளவு லாபம் என்று கணக்குப் பார்ப்போம். இ.எஸ்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. உறையாமல் வைத்த ரத்தத்தை ஒல்லியான குழாயில் நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்ப்பார்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். மருத்துவருக்கு அது ஒரு துப்பு. நலமாக இருக்கிற ஒரு பிள்ளையின் ரத்தத்தில் சில மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். பூமியின் ஈர்ப்பு மட்டும் வேலை செய்தால் இவ்வளவுதான் வேகம்.

சென்ட்ரிஃபியூஜில் குழாயின் அடி மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது, நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 50 சுற்று. மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில், ஏறக்குறைய ஒரு சாண் அகலமுள்ள வட்டத்துக்குள் அது வளைந்துகொண்டே இருக்கிறது! அப்படி வளைய, ஒவ்வொரு துளிக்கும் அதன் எடையைப் போல ஏறக்குறைய 1000 மடங்கு விசை வேண்டும். சிவப்பணுவுக்கு அங்கே பூமியின் ஈர்ப்பு 1000 மடங்கு கூடியதுபோல ஆகிவிடுகிறது. சுற்றும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் இது நான்கு மடங்காகும், மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்காகும்.

எதிர்க் குழியில் தண்ணீர்க் குழாய் வைத்தது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. இரண்டு குழாய்களுக்கும் ஒரே ஒரு கிராம் வித்தியாசம் இருந்தால் போதும். ஒரு கிலோ எடை அச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நொடிக்கு 50 முறை சுற்றிச் சுற்றி வருவதற்கு அது சமம். இயந்திரம் தடதடவென்று ஆடி மேசையைவிட்டே நகரத் தொடங்கிவிடும்.

அணுக்களைவிட மிகச் சிறியவற்றைப் பிரிக்க இந்த வேகம் எந்த மூலைக்கு? ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தியோடர் ஸ்வெட்பெர்க் 1920-களில் அதிவேக மையவிலக்கியை உருவாக்கினார். சுழலும்போதே உள்ளே ஒளியைச் செலுத்தி, புரத மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக ஒதுங்குகின்றன என்று படமெடுத்தார். அதிலிருந்து அவற்றின் எடையைக் கணக்கிட்டார். 1926-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் இவர். நுண்பொருள்கள் ஒதுங்கும் வேகத்தை அளக்கும் அலகுக்கு அவர் குடும்பப் பெயரின் முதல் எழுத்தான ‘எஸ்’ஸையே வைத்தார்கள். நம் செல்களில் புரதம் கட்டும் ரைபோசோமைப் பற்றிப் படிக்கும்போது இந்த ‘எஸ்’ எதிர்ப்படும். பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ். அதன் பெரிய பாதி 50எஸ், சிறிய பாதி 30எஸ். கூட்டினால் 80 அல்லவா வர வேண்டும்? எடை என்றால் கூட்டலாம், இது வேகம். ஒதுங்கும் வேகம் எடையோடு வடிவத்தையும், திரவம் எவ்வளவு உரசித் தடுக்கிறது என்பதையும் பொறுத்தது. இரண்டு பாதிகளும் சேரும்போது உரசும் பரப்பும் மாறிவிடுகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் வேதியியல் நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார் அல்லவா? அவர் குழு அணு அணுவாக அமைப்பைக் கண்டறிந்தது அந்த 30எஸ் பாதியைத்தான்.

லேப் மேசைமேல் பார்த்த சென்ட்ரிஃபியூஜுக்கு மின்சாரம் வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாஷ் 2013-ல் உகாண்டாவுக்குப் போயிருந்தபோது, ஒரு மருத்துவ நிலையத்தில் சென்ட்ரிஃபியூஜைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்ததைப் பார்த்தார். அங்கே மின்சாரம் இல்லை, அந்த இயந்திரத்தால் வேறு பயனும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சாத் பாம்லாவும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து விளையாட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார்கள். வென்றது, நம் ஊர்ப் பிள்ளைகள் சோடா மூடியைத் தட்டி, நடுவில் இரண்டு துளை போட்டு, நூல் கோத்து இழுப்பார்களே, அதே வகை விளையாட்டு. நூலை முறுக்கிவிட்டு இழுத்தால் முறுக்கு அவிழும் வேகத்தில் வட்டு சுழல்கிறது. சுழலும் வேகத்தில் மறுபக்கம் முறுக்கிக்கொள்கிறது. கையைத் தளர்த்தி மறுபடி இழுத்தால் இன்னும் வேகம். காகிதத்தாலான அவர்களுடைய வட்டு நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போனது. எடை 2 கிராம், செலவு 20 அமெரிக்க சென்ட். மெல்லிய குழாயில் அடைத்த ரத்தத்தை ஒன்றரை நிமிடத்தில் பிளாஸ்மாவாகவும் அணுக்களாகவும் பிரித்துவிட்டது. 2017-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நீங்கள் செய்து பார்ப்பதானால் பெரிய கோட்டுப் பொத்தானே போதும். சோடா மூடியின் விளிம்பு கையைக் கிழித்துவிடும்.

இவ்வளவும் புரிந்ததா என்று உங்களையே சோதித்துக்கொள்ள ஒரு புதிர். வடிகட்டாத டீயை ஒரு டம்ளரில் ஊற்றி, கரண்டியால் வேகமாகக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். டீத்தூள் தண்ணீரைவிடக் கனம், அதனால்தான் அடியில் கிடக்கிறது. சிவப்பணுவைப் போல அது ஓரத்துக்கு அல்லவா ஒதுங்க வேண்டும்? பாருங்கள், நடுவில் வந்து குவிகிறது!

இதற்கு 1926-ல் விளக்கம் எழுதியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். சுழலும்போது டீ ஓரத்தில் ஏறி நடுவில் குழிகிறது. அதனால் ஓரத்தில் அழுத்தம் அதிகம், அந்த அழுத்தம்தான் டீயை உள்நோக்கித் தள்ளி வளைக்கிறது. மேலேயும் அடியிலேயும் இந்தத் தள்ளல் ஒரே அளவு. ஆனால் அடியில் இருக்கும் டீ, டம்ளரின் அடிப்பாகத்தில் உரசி வேகம் குறைந்துவிடுகிறது. மெதுவாகச் சுற்றுவதை வளைக்கச் சிறிய விசையே போதும், அதற்குக் கிடைப்பதோ முழு விசை. பாட்டிலுக்குள் குமிழிக்கு நடந்ததே அடியில் இருக்கும் டீக்கும் நடக்கிறது. நடுவை நோக்கி ஓடி, தூளையும் இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு டீ மேலே ஏறிவிடுகிறது. கனமான தூள் ஏற மாட்டாமல் நடுவிலேயே தங்கிவிடுகிறது.

ஐன்ஸ்டைன் இதை எழுதியது ஆறுகள் வளைந்து வளைந்து ஓடுவது ஏன் என்று சொல்வதற்காக. ஆறு திரும்பும் இடத்திலும் ஆற்றுப் படுகையை உரசும் அடித் தண்ணீர் மெதுவாகி, வளைவின் உட்பக்கம் பாய்கிறது, மணலையும் உருட்டிக்கொண்டு போகிறது. வேகம் குறையாத மேல் தண்ணீர் எதிர்க் கரையில் மோதி அதை அரிக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் ஆறு வளையும் இடத்தில் மணல் திட்டு எந்தக் கரையில் இருக்கும் என்று முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரிபாருங்கள்.