கூட்டம் கலைந்த பிறகே படம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்த்தார்கள். இப்போது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? கதிரியக்கம் ஏற்றிய புரதத்தைச் செலுத்தினால் புற்றுநோயை நூறு சதவீதம் துல்லியமாகக் காட்டிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அதுதானா இது?"

ஒன்றல்ல. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் வெளியே கசியவிடும் புரதம். ரத்தத்தோடு உடலெங்கும் சுற்றும். அது கூடியிருந்தால் எங்கோ ஏதோ நடக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. பி.எஸ்.எம்.ஏ. செல்லின் மேலுறையில் ஆணி அடித்ததுபோல் நிற்கும் வேறொரு புரதம். புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் அது மிக அதிகமாக முளைத்திருக்கும். இருந்த இடத்தை விட்டு நகராது என்பதால், அதைத் தேடிப் போய் ஒட்டும் பொருளில் கதிரியக்க அணுவை ஏற்றி அனுப்பினால் கட்டி இருக்கும் இடத்தைப் படம் பிடிக்கலாம்.

வாட்ஸ்அப் சங்கதிக்கு இரண்டு பதில்கள். நூறு சதவீதத் துல்லியம் எந்த ஸ்கேனுக்கும் கிடையாது. இன்னொன்று, அப்பாவுக்கு எடுக்கப்போகும் ஸ்கேனில் செலுத்தப்படுவது அநேகமாகப் புரதமே அல்ல. பி.எஸ்.எம்.ஏ.-11 போன்ற மருந்துகள் மிகச் சிறிய மூலக்கூறுகள்; ஓர் ஆன்டிபாடியின் எடையில் ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒரு பங்கு. இந்தப் பந்தயத்தில் முதலில் ஓடியது ஆன்டிபாடி என்ற புரதம்தான். தோற்றும் போனது. ஏன் தோற்றது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1987-இல் 7இ11 என்ற ஆன்டிபாடி வெளியுலகுக்கு வந்தது. அதில் இண்டியம்-111-ஐ ஏற்றிச் செய்த புராஸ்டாசின்ட் என்ற மருந்துக்கு 1996-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. படங்கள் மங்கலாக இருந்தன. பிறகுதான் காரணம் புரிந்தது. பி.எஸ்.எம்.ஏ. 750 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதில் 707 செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. 24 உறைக்குள் புதைந்திருக்கின்றன. மிச்சம் 19 மட்டும் செல்லின் உள்ளே. 7இ11 பிடித்துக்கொள்வது உள்ளே இருக்கும் அந்த நுனியை! உயிருள்ள செல்லின் உறையைத் தாண்டி ஆன்டிபாடியால் அதை எட்ட முடியாது. உறை கிழிந்து செத்துக்கொண்டிருக்கும் செல்கள்தான் அதற்கு அகப்பட்டன. நியூயார்க்கில் நீல் பேண்டர் குழு வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஜே591 என்ற ஆன்டிபாடியை உருவாக்கியதும் அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று தீரவில்லை.

ஒட்டுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறோம். செய்திக் குறிப்புகளும் அதைத்தான் கொண்டாடும்: "துல்லியமாகத் தேடிச் சென்று ஒட்டுகிறது." ஒட்டுவதில் ஆன்டிபாடியை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் செலுத்திய மருந்தில் கட்டியில் போய் ஒட்டுவது மிகச் சிறு பங்கு. மீதி ரத்தத்தில் மிதக்கிறது. ஒட்டியதிலிருந்து வரும் கதிருக்கும் மிதப்பதிலிருந்து வரும் கதிருக்கும் கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது, ஒட்டாதவை எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகின்றன என்பதுதான்.

ஆயிரம் பேர் கூடிய கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு மூலையில் நாலு பேர் சீட்டாடுகிறார்கள். அது எந்த மூலை என்று நீங்கள் மாடியில் நின்றபடி கண்டுபிடிக்க வேண்டும். மண்டபத்தில் விளக்கு கிடையாது. வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டார்ச். இப்போது பார்த்தால் மண்டபம் முழுக்க வெளிச்சம், ஒன்றும் புரியாது. காத்திருக்க வேண்டியதுதான். சீட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார், மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். கடைசியில் எந்த மூலையில் டார்ச் எரிகிறதோ அங்கேதான் ஆட்டம்.

சிறிய மூலக்கூறுகள் மொய் எழுதிய கையோடு கிளம்பும் ரகம். சிறுநீரகம் என்னும் பின்வாசல் வழியாக மளமளவென்று வெளியேறும். ஆன்டிபாடியோ 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மாமா. பின்வாசலில் 60 கிலோடால்டனுக்கு மேற்பட்ட ஆள் நுழைவது கஷ்டம். அதோடு விட்டதா? முன்வாசலில் பெண்ணின் அப்பா நிற்கிறார். "அதுக்குள்ள கிளம்பினா எப்படி மாமா? ஒரு காபி சாப்பிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைக்கிறார்.

அந்த அப்பா என் கற்பனை இல்லை. எஃப்.சி.ஆர்.என். என்ற ஏற்பிப் புரதம் அது. ரத்தக் குழாய்களின் உள்சுவர்ச் செல்கள் ரத்தத்தில் வரும் புரதங்களை அவ்வப்போது விழுங்கி, செரித்து அழித்துக்கொண்டே இருக்கின்றன. விழுங்கிய பையினுள் அமிலத்தன்மை கூடும்போது, எஃப்.சி.ஆர்.என். ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பற்றிக்கொள்கிறது. அழிவுக்குப் போகும் பாதையிலிருந்து திருப்பிச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. அங்கே ரத்தத்தின் சாதாரண கார அமில நிலை பட்டதும் பிடி தளர்ந்து ஆன்டிபாடி மறுபடி ரத்தத்தில் மிதக்கத் தொடங்குகிறது. நம் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடிகள் சுமார் மூன்று வார அரை ஆயுளோடு இருப்பதற்கு இந்த உபசாரமே பெரும் காரணம். கிருமியோடு சண்டையிட இது வரம். படம் எடுக்க வந்தவருக்குத் தலைவலி.

கூட்டம் கலையும்வரை டார்ச்சில் பேட்டரி இருக்க வேண்டுமே. பி.எஸ்.எம்.ஏ.-11-இல் ஏற்றும் கதிரியக்க அணுவான காலியம்-68-இன் அரை ஆயுள் 68 நிமிடம். ஜே591-ஐ வைத்து நல்ல படம் எடுக்கச் சுமார் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் காலியம் 148 முறை பாதியாகிவிடும். அதாவது ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஆன்டிபாடிக்கு ஜிர்கோனியம்-89 தேவைப்பட்டது. அதன் அரை ஆயுள் மூன்றே கால் நாள். அதற்கும் விலை உண்டு. நோயாளி ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வர வேண்டும். உடலில் சேரும் கதிர் அளவும் காலியம் ஸ்கேனைவிடப் பல மடங்கு. ஜிர்கோனியம் தன் பிடியிலிருந்து கழன்றுவிட்டால் நேராக எலும்பில் போய்த் தங்கும். புராஸ்டேட் புற்றுநோய் பரவ விரும்பும் இடமும் எலும்பு. எலும்பில் ஒளிர்வது கட்டியா, கழன்று விழுந்த பேட்டரியா?

சரி, மாமாவைச் சிறிதாக்கினால்? உவமை இந்த இடத்தில் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்றாலும் விடுவதாக இல்லை. ஒட்டும் கைகளை வைத்துக்கொண்டு, பெண்ணின் அப்பா பிடித்து இழுக்கும் பகுதியை வெட்டிவிட்டார்கள். டயபாடி என்பது சுமார் 55 கிலோடால்டன்; சில மணி நேரத்தில் வெளியேறத் தொடங்கும், ஆனால் பின்வாசல் வழியாக. மினிபாடி சுமார் 80. பின்வாசலில் நுழையாமல் கல்லீரல் வழியாகப் போகும். ஜே591-இலிருந்து வெட்டிச் செய்த மினிபாடியை மனிதர்களில் சோதித்தபோது, ஒரு வாரக் காத்திருப்பு 2 நாளாகக் குறைந்தது.

எந்த வாசல் என்பது ஏன் முக்கியம்? சிறுநீரகம் வழியாகப் போனால் டார்ச்சுகளெல்லாம் கடைசியில் சிறுநீர்ப்பையில் குவியும். புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்வாசலுக்குப் பக்கத்திலேயே சீட்டாட்டம்! பி.எஸ்.எம்.ஏ.-11 மருந்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஸ்கேனுக்கு முன் நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வது அதனால்தான்.

இத்தனை பாடுபட்டும் ஜெயித்தது சிறிய மூலக்கூறு. பி.எஸ்.எம்.ஏ. ஒரு என்சைம். அதில் ஒரு குழி உண்டு. மூளையில் இதே என்சைம் ஒரு நரம்புச் செய்திப் பொருளை வெட்டுகிறது. அதைத் தடுப்பதற்காக வேதியியலர்கள் அந்தக் குழிக்குப் பொருந்தும் யூரியா வகை மூலக்கூறுகளைச் செய்து வைத்திருந்தார்கள். மூளை ஆய்வுக்குச் செய்தது புராஸ்டேட்டுக்கு உதவியது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு காலியம் ஏற்றிய பி.எஸ்.எம்.ஏ.-11-ஐக் கொண்டுவந்தது, ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் படம். 2020 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் 302 பேரை வைத்து நடந்த ஆய்வு, இந்த ஸ்கேனின் துல்லியம் 92 சதவீதம் என்றது, வழக்கமான சி.டி., எலும்பு ஸ்கேன் இரண்டும் சேர்ந்து 65. பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது துல்லியத்தை. ஸ்கேன் எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா என்பதை அது அளக்கவில்லை. செய்தித் தலைப்புகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. மேலும் உமிழ்நீர்ச் சுரப்பியும் சிறுநீரகமும் எப்போதும் ஒளிரும். வயிற்றுக்குள் இருக்கும் நரம்பு முடிச்சுகள் சிலருக்கு நிணநீர்க் கணுபோல் ஏமாற்றும். ஆறிவரும் விலா எலும்பு முறிவுகூட மின்னலாம். ஆகவே வாசகருக்கு: அறிக்கையில் "ஒளிர்கிறது" என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம், பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

புரதங்களின் கதை இதோடு முடியவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பி.எஸ்.எம்.ஏ.-வை அதிகம் காட்டுவதில்லை. நீண்ட ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு சில கட்டிகள் நரம்புச் சுரப்பி வகையாக உருமாறும்போது அதை உதறிவிடுகின்றன. அவற்றில் டி.எல்.எல்.3 என்ற வேறொரு புரதம் மேலே வருகிறது. அது என்சைம் இல்லை, சிறிய மூலக்கூறு போய் உட்காரக் குழி இல்லை. அங்கே பெரிய மாமாவை விட்டால் வழியில்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜிர்கோனியம் ஏற்றிய ஆன்டிபாடியை இதற்காக மனிதர்களில் சோதித்திருக்கிறார்கள். பல நாள் காத்திருப்போடுதான்.

டார்ச்சோடு காத்திருப்பதை ஒழிக்க ஒரு தந்திரமும் உண்டு. ஆன்டிபாடியை டார்ச் இல்லாமல் முதலில் அனுப்புவது. சில நாளில் கூட்டம் கலைந்த பிறகு, ஆன்டிபாடியை மட்டும் தேடிப் பிடிக்கும் சிறு மூலக்கூறின் கையில் டார்ச்சைக் கொடுத்து அனுப்புவது. அது சீட்டாட்டக்காரர் கையில் டார்ச்சைத் திணிக்கும். ஆள் கிடைக்காதவை பின்வாசல் வழியாக ஒரு மணி நேரத்தில் போய்விடும். அரை ஆயுள் குறைந்த காலியமே போதும். எலிகளில் இது அழகாக வேலை செய்கிறது. ஆனால் எலியின் உடலில் மொத்த ரத்தம் 2 மில்லிலிட்டர்தான், நமக்கோ சுமார் 5 லிட்டர். எலிக்கு எத்தனை நாள் இடைவெளி போதும் என்ற கணக்கை வைத்து மனிதருக்கு எத்தனை நாள் என்று சொல்லிவிட முடியாது.