மனையும் வரைபடமும் – 6: கட்டட அனுமதி கோப்பின் பயணம்

தமிழ்நாட்டில் ஒரு கட்டடம் எழும்ப இரண்டு அனுமதிகள் தேவை. ஒன்று திட்ட அனுமதி. இந்த இடத்தில் இந்தப் பயன்பாட்டுக்கு, இந்த அளவில் கட்டலாமா என்பதை அது முடிவு செய்கிறது. இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். மற்றொன்று கட்டட அனுமதி. அதை உள்ளாட்சி அமைப்பு தன் சொந்தச் சட்டத்தின்படி தருகிறது. நகராட்சிக்கு ஒரு விதி, ஊராட்சிக்கு ஒரு விதி, சென்னைக்கு ஒரு விதி என்று நெடுங்காலம் கிடந்தவற்றை 2019 பிப்ரவரியில் வெளிவந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒன்றாக்கின. தியாகராய நகர் அடுக்ககத்துக்கும் தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி மாடி வீட்டுக்கும் இப்போது ஒரே விதிநூல்தான்.

சென்னைப் பெருநகரப் பகுதியைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கவனிக்கிறது. அதற்கு வெளியே, தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில், திட்ட அனுமதி நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் பொறுப்பு. ‘டிடிசிபி’ என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 15,06,843. அதில் நகரங்களில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவே. எனவே இங்கே பெரும்பாலான கட்டடக் கோப்புகள் தொடங்கும் இடம் கிராம ஊராட்சி. ஊராட்சியின் செயல் அதிகாரி அதன் தலைவர். 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியுடன் முடிந்ததும், அந்த அதிகாரம் தனி அலுவலர்களிடம் போனது.

எந்தக் கோப்பு எங்கே முடியும் என்பதைக் கட்டடத்தின் அளவு முடிவு செய்கிறது. 10,000 சதுர அடிக்கும் எட்டுக் குடியிருப்புகளுக்கும் மிகாத வீட்டுக் கட்டடங்களுக்கான அதிகாரம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் கோப்பு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயரமான கட்டடம். விதிகள் தனி, ஆய்வு கடுமை. தருமபுரியில் அந்த ரகம் அரிது என்பதால் அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் இப்போது இணையவழியில், ஒற்றைச் சாளர முறையில் போகிறது. உரிமையாளர் நேரடியாகப் படம் போட்டுக் கொடுக்க முடியாது. பதிவு பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ கையொப்பமிட வேண்டும். கூடவே கிரயப் பத்திரம், பட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி பெற்றதற்கான ஆவணம். கடைசியாகச் சொன்ன இந்த ஆவணத்தில்தான் மாவட்டத்தின் பாதிக் கதை அடங்கியிருக்கிறது.

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது: எதற்காக அனுமதி கேட்கப்படுகிறது, அந்த இடம் அதற்குப் பொருத்தமானதா, பகுதியின் வருங்கால வளர்ச்சிக்கு அது இடைஞ்சலாகுமா. படத்தில் சமையலறை எங்கே, மாடிப்படி எங்கே என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் கேள்வி நிலத்தைப் பற்றியது.

பெரும்பாலான நிலம் வருவாய்க் கணக்கில் புஞ்சை என்றோ நஞ்சை என்றோ இருக்கிறது. முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும். இதற்கான நடைமுறை 2017இல் விதிகளாக வந்தது. வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கருத்துச் சொல்ல வேண்டும். நஞ்சையென்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. மானாவாரிப் புஞ்சை மிகுந்த தருமபுரியில் நஞ்சை குறைவு. ஆனால் இருக்கிற நஞ்சை ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. ஊரை ஒட்டியும் இருக்கிறது. மனை போட ஆசைப்படுகிறவர்களின் கண் அதன் மேல் விழுவதில் வியப்பில்லை. கிராம நத்தத்தில் உள்ள பழைய மனைகளுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

அடுத்தது மனைப்பிரிவு. ஒரு பெரிய நிலத்தைத் துண்டுபோட்டு விற்க முதலில் மனைப்பிரிவு வரைபடத்துக்குத் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். சாலைகளையும் அந்தத் திறந்தவெளியையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்த பிறகே இறுதி அனுமதி. ஆனால் பல ஆண்டுகளாக ஊர்ப்புறங்களில் நடந்தது வேறு. கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று பலகை வைத்து விற்றார்கள். ஊராட்சித் தலைவரின் முத்திரைக்கு மனைப்பிரிவை அனுமதிக்கும் சக்தி கிடையாது என்பது வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த தலைவர்களும் வாய் திறக்கவில்லை.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்று அவை வழி திறந்தன. அனுமதியற்ற மனைக்கு வரன்முறை ஆணை இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது. வீடு கட்டும் கட்டத்தில்தான் பலருக்கு இது தெரிய வருகிறது. வங்கிக் கடனுக்கு வரைபட அனுமதி கேட்பார்கள். வரைபடத்துக்கு மனை அனுமதி கேட்பார்கள். மனை விற்றவரோ எப்போதோ ஊரைவிட்டுப் போயிருப்பார்.

நிலம் தேறியபின் வரைபடம் விதிகளோடு ஒப்பிடப்படுகிறது. உயரமற்ற கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களையும் சேர்த்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். முன்பு இது ஒன்றரை மடங்குதான். முன்பக்கத்தில் விட வேண்டிய இடம் சாலையின் அகலத்தைப் பொறுத்துக் கூடும். பக்கவாட்டில் விடுவது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. கொத்தனார்கள் ‘செட்பேக்’ என்று சொல்லும் இந்த இடைவெளியில்தான் மீறல்கள் மிகுதி. வாகன நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு இரண்டும் படத்திலேயே காட்டப்பட வேண்டும். மழைநீர் சேகரிப்பை 2003இல் மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கியது தமிழ்நாடு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருக்கும் தருமபுரியில் இந்த விதி ஏட்டோடு நின்றுவிடக் கூடாது.

இடத்தைப் பொறுத்து மற்ற துறைகளின் தடையின்மைச் சான்றும் வேண்டியிருக்கும். ஏரி, ஓடையை ஒட்டினால் நீர்வளத்துறை; தண்டவாளத்தை ஒட்டினால் ரயில்வே; காப்புக்காட்டை ஒட்டினால் வனத்துறை. ஒகேனக்கல் பக்கமும் பாலக்கோடு மலையடிவாரத்திலும் வனத்துறைக் கேள்வி அடிக்கடி எழும். 2022இல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது அந்தக் கவனத்தை இன்னும் கூட்டியிருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தனியாக வேண்டும். சிறிய வீட்டுக்காரர் பெரும்பாலும் இவை எதையும் பார்க்காமலேயே தப்பிவிடுகிறார்.

பிறகு கள ஆய்வு, கட்டணக் கேட்பு, கட்டணம் செலுத்தியதும் முத்திரையிட்ட வரைபடம். 2024 ஜூலையில் இந்த வரிசையே சிறு வீடுகளுக்குச் சுருங்கியது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ தரையோடு ஒரு மாடியோ கட்டுகிறவர்கள் சுயசான்று அளித்தால் போதும்; கள ஆய்வின்றி உடனே அனுமதி. அதிகாரியின் மேசையில் கோப்பு தூங்கும் காலம் இவர்களுக்கு முடிந்தது. ஆனால் மனை முறையானதுதான் என்று உறுதி சொல்வது இப்போது உரிமையாளரின் தலையில். தந்த தகவல் பொய்யானால் அனுமதி ரத்தாகும். மென்பொருள் வேகமாக அனுமதி தரும். அனுமதியற்ற மனையை அனுமதி பெற்றதாக அதனால் மாற்ற முடியாது. இந்தச் சீர்திருத்தம் நல்லதுதான். ஆனால் தருமபுரி போன்ற மாவட்டத்தில் தாமதத்தின் வேர் வரைபடத்தில் இல்லை, மனையில் இருக்கிறது.

கட்டி முடித்தபின், விலக்கு பெற்ற சிறு கட்டடங்களும் தொழிற்சாலைக் கட்டடங்களும் நீங்கலாக, மற்றவற்றுக்குப் பணி நிறைவுச் சான்று வேண்டும். அது இல்லாமல் மின் இணைப்பு கிடைக்காது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் நாடு முழுமைக்கும் இதையே வலியுறுத்தியது. அனுமதி பெறாமலோ மீறியோ கட்டினால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்படி பணி நிறுத்தம், சீல் வைப்பு, இடிப்பு வரை போகலாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதே சட்டத்தின் 79ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. மறுப்பதற்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் தர வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற வாய்மொழிப் பதிலை எதிர்த்து யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது. ஆகவே விண்ணப்பதாரர்கள் ஆணையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

(தொடரும்)