சஞ்சு ஓப்பனிங்... தோனி எத்தனையாவது? வாலாஜாபாத் போடும் சி.எஸ்.கே லிஸ்ட்!

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக வாலாஜாபாத்தில் காத்திருப்பவர்களிடம் இப்போது ஒரே விவாதம்தான். ஐ.பி.எல் 2026-ல் சி.எஸ்.கே-வின் பேட்டிங் ஆர்டர் என்ன?

2025-ல் 14 போட்டிகளில் 4 வெற்றி, முதன்முறையாகக் கடைசி இடம். அதன்பின் ஜடேஜா, சாம் கரண் ராஜஸ்தானுக்குப் போக, சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். கான்வே, ரச்சின் இருவரும் விடுவிக்கப்பட்டதால் ஓப்பனிங் ஜோடியே புதிது.

2024-ல் இந்தியாவுக்காக ஓப்பனிங் இறங்கி மூன்று டி20 சதம் அடித்த சஞ்சுவுக்கு முதலிடம் உறுதி. உடன், 17 வயதில் ஆர்.சி.பி-க்கு எதிராக 48 பந்துகளில் 94 ரன் குவித்த ஆயுஷ் மாத்ரே. மூன்றாவது கேப்டன் ருதுராஜ். அடுத்து பிரெவிஸ், சுழலை நொறுக்கும் துபே. ஆறு, ஏழில் தலா 14.20 கோடிக்கு வாங்கப்பட்ட கார்த்திக் சர்மா, பிரசாந்த் வீர்.

தோனி? கடந்த ஆண்டு சேப்பாக்கத்தில் ஆர்.சி.பி-க்கு எதிராக 9-வதாக வந்து 16 பந்துகளில் 30 ரன் எடுத்தார். ஆனாலும் 50 ரன்னில் தோல்வி.

செகண்ட் ஷிஃப்ட்காரர்களின் கவலையும் அதுதான். 7.30 மணி ஆட்டத்தின் பவர்பிளே அவர்களுக்குக் கிடைக்காது. வேலை முடிந்து பஸ்ஸில் செல்போனைத் திறந்தால் கடைசி ஓவர்கள்தான். அப்போது தோனி களத்தில் இருக்க வேண்டும். ஆட்டமும் கைவசம் இருக்க வேண்டும்!