மின்நூல் வாக்குறுதிகள் – 9: இரண்டு டூம்ஸ்டே ஏடுகள்

பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கு இனி வேலையில்லை, பத்தாண்டுக்குள் எல்லாம் மாறிவிடும் என்று 1913-இல் எடிசன் சொன்னதும், அது நடக்காமல் போனதும் சென்ற வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். காசு கொடுத்து வாங்கிய மின்நூல் யாருக்குச் சொந்தம் என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. ஒரு நூலை டிஜிட்டலாக்கிவிட்டால் அதற்கு அழிவே இல்லை என்கிறார்கள். அப்படித்தானா?

இதைச் சோதித்துப் பார்க்க இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும். 1086-இல் முதலாம் வில்லியம், எந்த ஊரில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று நாட்டின் பெரும்பகுதியைக் கணக்கெடுக்கச் செய்தார். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் லத்தீனில் எழுதப்பட்ட அந்தக் கணக்குதான் டூம்ஸ்டே ஏடு. அதன் 900-ஆம் ஆண்டை ஒட்டி, 1986-இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டேயை உருவாக்கியது. பிரிட்டனை நான்கு கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, உள்ளூர்ப் பள்ளிகளிடமும் குழுக்களிடமும் ஒப்படைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கெடுத்தார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளே மிகுதி. தெருவில் என்ன கடை இருக்கிறது, வீட்டில் என்ன சமைக்கிறார்கள், ஓய்வில் என்ன விளையாடுகிறார்கள் என்றெல்லாம் பிள்ளைகள் எழுதினார்கள். அதோடு வரைபடங்கள், நிழற்படங்கள், அரசின் புள்ளிவிவரங்கள் எல்லாம் சேர்ந்து 12 அங்குல லேசர் வட்டுகள் இரண்டில் அடங்கின. பழைய ஏடு அரசனுக்கு வேண்டியதை எழுதி வைத்தது. இதில் ஊரார் தங்களுக்கு முக்கியமானதைத் தாங்களே எழுதினார்கள். கணினியைக் கொண்டு மனிதர் செய்த காரியங்களில் இவ்வளவு அழகானதை நான் அதிகம் அறியேன். அதனால்தான் பின்னால் நடந்தது மனதை உறுத்துகிறது.

அந்த வட்டுகளைப் படிக்க ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மாஸ்டர் கணினியும், பிலிப்ஸ் இதற்கென்றே செய்த லேசர் கருவியும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 5,000 பவுண்டு. எழுதிக் கொடுத்த பள்ளிகள் பலவற்றுக்கே அது எட்டாத விலை. வேறெந்தக் கருவியிலும் அந்த வட்டு ஓடாது. அந்தத் தொழில்நுட்பத்தைச் சந்தை கைவிட்டது. கருவிகள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. பதினாறே ஆண்டுகளில், 2002-இல், இதை இனிப் படிக்கவே முடியாமல் போய்விடுமோ என்ற அச்சம் வந்துவிட்டது. 1086-இன் ஏடோ லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லத்தீனும் அந்தக் காலத்துச் சுருக்கெழுத்தும் தெரிந்தவர் அதை இன்றும் படிக்கலாம்.

ஆனால் மீட்டுவிட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதி 2002-இல் அந்தத் தரவுகளை மறுபடி திறந்தார்கள். 2011-இல் பிபிசி, அவ்விரண்டில் மக்கள் எழுதியவை அடங்கிய வட்டை இணையத்தில் ஏற்றியது. அந்தத் தளமும் 2018-இல் மூடப்பட்டது. அதன் பிரதியை இப்போது வைத்திருப்பது, ஆட்டுத்தோல் ஏட்டைக் காக்கும் அதே ஆவணக் காப்பகம். ஒவ்வொரு முறையும் சிலர் உழைத்தார்கள், ஒரு நிறுவனம் பணம் செலவழித்தது. தோல் ஏட்டுக்கும் பராமரிப்பு தேவைப்பட்டது. அதைப் பலமுறை பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு தலைமுறை அதைத் திறக்காமல் விட்டிருந்தாலும் அடுத்த தலைமுறை படித்திருக்கும். லேசர் வட்டு அந்த அலட்சியத்தைப் பொறுக்கவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓலையைச் செல் அரிக்கும், தாளை நெருப்பு தின்னும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போன சுவடிகளுக்குத் தொலைவில் ஒரு டிஜிட்டல் பிரதி இருந்திருந்தால் அந்த எழுத்தாவது மிஞ்சியிருக்கும். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஒன்றை ஆயிரமாகப் பெருக்கி உலகெங்கும் வைப்பதில் டிஜிட்டலுக்கு நிகரில்லை. ஆனால் பெருக்கியதோடு வேலை முடிவதில்லை. தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தர 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். அதன் தன்னார்வலர்கள் தொடக்கத்தில் அன்றைய எழுத்துருக்களுக்கேற்பத் தட்டச்சு செய்தார்கள், பிறகு டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்துக்கு மாற்றினார்கள், அதன்பின் யூனிகோடுக்கு மாற்றினார்கள். முதல் கட்டத்தோடு அவர்கள் ஓய்ந்திருந்தால், நம் கைப்பேசியில் அந்த இலக்கியங்கள் பொருளற்ற குறிகளாகத்தான் தெரியும். அவற்றைக் காப்பாற்றியது அந்த மனிதர்களின் விடாமுயற்சி. விளம்பரங்களோ அந்தப் பெருமையைக் கருவிக்குக் கொடுத்துவிடுகின்றன.

விற்பனையில் இருந்த மின்நூல்களுக்கும் இதே கதைதான். 2000-இல் மைக்ரோசாப்ட் தன் வாசிப்பு மென்பொருளை வெளியிட்டது, 2012-இல் கைவிட்டது. 2017-இல் மின்நூல் கடை திறந்தது, 2019-இல் மூடியது. மூடியபோது, வாங்கியவர்களிடமிருந்த நூல்களும் மறைந்தன. விலையை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். வாங்கிய பொருளைக் கடைக்காரர் இப்படித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமென்றால், அன்று வாசகர் வாங்கியது எதை? 2009 ஜூலையில், வாசகர்களின் கிண்டிலிலிருந்து ஆர்வெல் நூல்களை அமேசான் நீக்கிய சம்பவத்திலிருந்து அதை அடுத்த வாரம் பார்ப்போம்.