கைத்தொலைபேசியில் அசையும் விளம்பரம்: நாமே செய்யலாம்

பெருநாள் வியாபாரம் நெருங்கினால் துண்டுப் பிரசுரம் அச்சடிப்பது நமது பழைய வழக்கம். இன்று அந்த இடத்தை வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் பிடித்துக்கொண்டன. அங்கு வரும் அசையாத படத்தை வாடிக்கையாளர் விரலால் தள்ளிவிட்டுப் போகிறார். அசையும் படத்தில் ஒரு கணமாவது கண் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வெளியாருக்குப் பணம் கொடுப்பது கண்டி கொழும்பு வீதியின் சிறு துணிக்கடைக்கோ, அக்குறணையில் மிளகு, கராம்பு விற்பவருக்கோ கட்டுப்படியாகாது. எனவே 'அனிமேஷன்' கலையின் அரிச்சுவடியை நாமே கற்றுக்கொள்வது நல்லது. நான் பழகிய வழியையே இங்கு தருகிறேன்.

இதன் இரகசியம் ஒன்றுதான். சிறு சிறு மாற்றமுள்ள படங்களை வேகமாக அடுத்தடுத்துக் காட்டினால் கண் அதை அசைவாகக் காணும். சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள். நமக்கு 10 போதும். 6 விநாடி விளம்பரத்துக்கு 60 படங்கள்.

இந்த வித்தை பணம் திரட்டவும் உதவியிருக்கிறது. இந்தியாவின் தாதாசாகிப் பால்கே, 1913இல் வெளியான 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுக்க முதல் தேடியபோது, ஒரு பட்டாணி முளைத்துச் செடியாவதைப் பல நாட்களாகச் சிறிது சிறிதாகப் படம்பிடித்து, குறும்படமாக ஓட்டிக் காட்டினார். அதன் பின்னரே கடன் கிடைத்தது.

இலவசமாகக் கிடைக்கும் செயலிகளில் இரண்டைக் குறிப்பிடுவேன். 'ஃபிளிப்பாகிளிப்' விரலால் வரைவதற்கானது. 'ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோ' பொருட்களை நகர்த்திப் படமெடுப்பதற்கானது. வியாபாரிகள் இரண்டாவதிலிருந்து தொடங்குவதே மேல். வரையும் திறமை தேவையில்லை. உருவம் வரையத் தயங்குவோருக்கும் பொருந்தும். நமது சரக்கே கதாநாயகன்.

உதாரணமாக, மிளகு மணிகள் தாமாகவே ஊர்ந்து பைக்குள் போவதாகக் காட்டலாம். தொலைபேசியை அசையாமல் நிறுத்துங்கள். மணிகளைச் சற்று நகர்த்தி, கையை விலக்கி, ஒரு படம் எடுங்கள். முந்திய படம் திரையில் மங்கலாகத் தெரியும். எவ்வளவு நகர்த்தினோம் என்பதை அதைப் பார்த்து அறியலாம். தொடக்கத்திலும் முடிவிலும் குறைவாகவும் நடுவில் கூடுதலாகவும் நகர்த்தினால் அசைவு இயல்பாக இருக்கும். 40 படங்களில் இதை முடித்து, மீதி 20 படங்களில் கடைப் பெயரை அசைக்காமல் வையுங்கள். வாசிக்க 2 விநாடி வேண்டும்.

ஜன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். கண்டியில் மேகம் வந்து போகும்போதெல்லாம் வெளிச்சம் மாறி, படம் மின்னி மின்னி ஓடும். திரையை மூடி மின்குமிழில் எடுப்பதே சிறந்தது.

இலவசத்திலும் சில நிபந்தனைகள் உண்டு. ஃபிளிப்பாகிளிப்பின் இலவசப் பதிப்பு நமது படத்தில் தன் பெயரைப் பதிக்கும். இன்னொன்று முக்கியம்: பிரபல கார்ட்டூன் உருவங்களையும் சினிமாப் பாடல்களையும் அனுமதியின்றி விளம்பரத்தில் சேர்க்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவற்றின் உரிமையாளரைப் பாதுகாக்கிறது. மிளகு பையில் விழும் சத்தமே நமக்குப் போதுமானது.

வியாபாரம் மந்தமான ஒரு பிற்பகலில் ஒரேயொரு பொருளுடன் தொடங்குங்கள். முடித்ததும் பழைய வாடிக்கையாளர் ஐந்து பேருக்கு மட்டும் அனுப்பி, என்ன விற்கிறோம், எந்தக் கடை என்று கேளுங்கள். இரண்டையும் அவர்கள் சரியாகச் சொன்னால் மற்றவர்களுக்கும் அனுப்பலாம்.