தொண்டுக்கும் தகுதி வேண்டும்

1899-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது, நேட்டாலில் இருந்த இந்தியர்கள் காயம்பட்டோரைச் சுமந்து செல்லும் தொண்டர் படையொன்றைத் திரட்டினார்கள். காந்திஜி அதை முன்னின்று நடத்தினார். ஏறக்குறைய 1,100 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு அவ்விதம் சென்ற கூலிகளில் பெரும் பகுதியினர் சென்னை மாகாணத்தவர் என்பதை நேயர்கள் அறிவார்கள். இந்த வரலாற்றில் நாம் எளிதில் மறந்துவிடும் விவரம் ஒன்று உண்டு. ஊழியம் செய்ய ஆசை பிறந்தவுடனே காந்திஜியும் அவருடைய தோழர்களும் போர்க்களத்துக்கு ஓடிவிடவில்லை. டாக்டர் பூத் என்பவரிடம் அந்த வேலையைக் கற்றார்கள். தேகத் தகுதிக்கு வைத்திய அத்தாட்சியும் பெற்றார்கள். 1914-ல் லண்டனில் மறுபடியும் ஒரு படை திரண்டபோது, டாக்டர் கான்ட்லியின் முதலுதவி வகுப்பில் பயின்று பரீக்ஷைக்கும் உட்பட்டார்கள்.

தொண்டு செய்ய நல்ல மனம் இருந்தால் போதாதா, அதற்குப் பரீக்ஷையும் அத்தாட்சியும் எதற்கு என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. இக்கேள்விக்கு இங்கிலாந்து தேசம் மிகுந்த விலை கொடுத்து விடை கண்டிருக்கிறது.

முதலுதவித் தொண்டில் அந்த நாட்டுக்கு நீண்ட பழக்கம் உண்டு. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் 1877-ல் தோன்றியது. பந்தாட்ட மைதானங்களிலும் திருவிழாக்களிலும் அதன் தொண்டர்கள் கைப்பெட்டியுடன் நிற்பது அங்கே பழகிப்போன காட்சி. 1989-ல் ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைப் பலிகொண்டது. அதை விசாரித்த நீதிபதி டெய்லர், 1990-ம் வருஷத்து அறிக்கையில் சில கணக்குகளை வகுத்தார். ஆயிரம் பார்வையாளருக்குப் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் ஒருவர்; கூட்டம் இரண்டாயிரத்தைத் தாண்டினால் ஒரு டாக்டர்; ஐயாயிரம் ஆனால் ஓர் ஆம்புலன்ஸ் வண்டி.

தலைக்கணக்கு ஏற்பட்டது நல்லதே. ஆனால் அங்கே நிற்பவரின் திறமையைச் சோதிப்பவர் யார்? இங்கேதான் ஒரு விசித்திரம். வைத்திய ஸ்தாபனங்களைக் கண்காணிக்க இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் பதிவு செய்துகொள்ளாமல் வைத்தியத் தொழில் நடத்தக் கூடாது. எனினும், விளையாட்டுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் தற்காலிகமாக அமைக்கும் சிகிச்சைக்கு விதிவிலக்கு அளித்திருந்தார்கள். நோயாளியை வண்டியில் ஏற்றி மைதானத்துக்கு வெளியே கொண்டு போவதற்குப் பதிவு தேவை. உள்ளே கூடாரத்தில் அவருக்குச் சிகிச்சை செய்வதற்கு வேண்டியிருக்கவில்லை! வாசலைத் தாண்டிய பிறகுதான் உயிருக்கு மதிப்பு என்பது போன்ற ஏற்பாடாக அது இருந்தது.

2017 மே 22-ம் தேதி இரவு 10-31 மணிக்கு மான்செஸ்டர் நகரத்து அரங்கமொன்றின் முன்கூடத்தில் குண்டு வெடித்தது. இசை நிகழ்ச்சி முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். 22 பேர் மாண்டார்கள். முதல் ஆம்புலன்ஸ் உதவியாளர் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தது 10-50-க்கு. காயம்பட்டோர் அங்கே கிடந்த அந்த நெருக்கடியான வேளை முழுவதிலும் உள்ளே சென்ற ஆம்புலன்ஸ் உதவியாளர் மூவரே. விளம்பரப் பலகைகளிலும் தடுப்புக் கம்பிகளிலும் வைத்தே காயம்பட்டோரைத் தூக்கிச் சென்றார்கள்.

அத்தகைய இடைவேளைக்காகத்தான் நிகழ்ச்சி நடத்துவோர் முதலுதவிக் குழுவை அமர்த்துகிறார்கள். ஆனால் அன்று அமர்த்தியிருந்த குழுவுக்கு ஆட்பலமும் பயிற்சியும் போதவில்லை என்று நீதிபதி ஸர் ஜான் ஸாண்டர்ஸின் விசாரணை கண்டது. உரிய சிகிச்சை கிடைத்திருந்தால் மாண்டவரில் ஒருவர் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்றும் அது தீர்மானித்தது. நிகழ்ச்சி வைத்தியத்துக்குத் திட்டமான தரம் வகுத்து, அதை ஆணையத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவர வேண்டுமென்று 2022 நவம்பரில் வெளியான அறிக்கை சிபார்சு செய்தது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. கூலி வாங்காத தொண்டரிடம் கட்டணமும் படிவமும் கேட்டால், சிறு சங்கங்கள் கதவடைத்துவிடும். பிறகு கூடாரமும் இராது, தொண்டரும் இரார் என்கிறார்கள். இது நியாயமான அச்சமே. பரிகாரமும் இல்லாமல் போகவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் முதலுதவி லைசென்ஸை அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்றாக வகுத்திருக்கிறார்கள். கட்டுப் போடுபவரிடம் கட்டுப் போடத் தெரியுமா என்று கேட்டால் போதும். மயக்க மருந்து கொடுக்கத் தெரியுமா என்று கேட்க வேண்டியதில்லை. ஏழைச் சங்கங்களுக்குக் கட்டணத்தைச் சர்க்கார் தள்ளிக் கொடுக்கலாம். ஆனால் பயிற்சியைத் தள்ளிக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதே நம் அபிப்பிராயம்.

வழியில் விழுந்தவரைத் தூக்கப் போகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டுமோ என்று நேயர்கள் அஞ்ச வேண்டாம். நம் பாரத தேசத்தில் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுகிறவரை வழக்குத் தொல்லையிலிருந்து காப்பாற்றுகிறது. அவர் எதற்கும் வாக்குக் கொடுத்தவரல்லர். தம்மால் இயன்றதைச் செய்கிறார். "ஆபத்து வந்தால் நாங்கள் இருக்கிறோம்" என்று பலகை மாட்டி நிற்கும் ஸ்தாபனமோ பல்லாயிரம் பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கை நம்பித்தான் தாய்மார் குழந்தைகளைக் கூட்டத்துக்கு அனுப்புகிறார்கள். கூலி வாங்கவில்லை என்பது அந்த வாக்கின் கனத்தை இம்மியும் குறைக்காது.

தொண்டரைச் சோதிப்பது அவரை அவமதிப்பதாகாது. இரத்தம் பெருகிக் கிடப்பவனுக்கு, அருகில் மண்டியிடுபவர் சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்ற விசாரம் இல்லை. அந்தக் கைகளுக்கு இரத்தத்தை நிறுத்தத் தெரியுமா என்பதே அவனுக்குள்ள ஒரே கேள்வி. அவனால் கேட்க முடியாத அந்தக் கேள்வியை அவனுக்காக முன்கூட்டியே கேட்டு வைப்பது சர்க்காரின் கடமை.