கிழக்கு இலண்டனின் ஓவியச்சாலை

அரசரது அரண்மனைகளிலும் செல்வரது மாளிகைகளிலும் ஒதுங்கியிருந்த ஓவியங்கள் பொதுமக்கள் காணுமாறு வெளிப்போந்தது நெடுங்காலத்துச் செய்தியன்று. வெளிப்போந்த பின்னரும் அவை பெரும்பாலும் பெருநகரங்களில் வளம் மிக்க பகுதிகளிலேயே வைக்கப்பெற்றன. ஏழையொருவன் ஆங்குச் செல்லலாகாதென்று விதி யாதுமில்லை; ஆயினும் அவனது வேலை ஓயும் பொழுதில் ஆங்குள்ள கதவுகள் அடைபட்டிருக்கும். இக்குறையை நீக்குவான் இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில் எழுந்த ஓவியச்சாலையொன்றின் வரலாற்றையும், அஃது ஆண்டுதோறும் நடத்திவரும் காட்சிகளின் இயல்பையும் ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்போம்.

ஒயிட்சாப்பல் என்பது அப்பகுதியின் பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கப்பல்துறைக் கூலிகளும், தையற்காரரும், உருசியப் பேரரசில் நேர்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூதரும் ஆங்கு நெருங்கி வாழ்ந்தனர். 1873இல் செயிண்ட் ஜூட் ஆலயத்திற்குக் குருவாக வந்தவர் சாமுவேல் பார்னெட் என்பார். தம் ஆளுகைக்குட்பட்ட சேகரங்கள் யாவற்றினும் அதுவே மிகத் தாழ்ந்ததென்று அத்தியட்சரே முன்கூட்டி எச்சரித்தும், அவரும் அவர்தம் மனைவியார் ஹென்ரியெட்டாவும் அதனையே விரும்பி ஏற்றனர். வறியார்க்கு வேண்டுவன உணவும் உடையுமே என்று பிறர் எண்ணியிருக்க, அழகும் அவர்க்கு வேண்டுவதே என்று இவ்விருவரும் கருதினர். 1881இல், ஆலயத்தை அடுத்திருந்த பள்ளிக்கூட அறைகளில், தம் நண்பரிடத்தும் ஓவியரிடத்தும் இரவல் பெற்ற படங்களைச் சுவரில் மாட்டி, முதற் காட்சியை நடத்தினர். அது முதல் ஈஸ்டர்க் காலந்தோறும் அக்காட்சி நிகழ்வதாயிற்று. வாட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியர் அவர்க்கு உற்ற துணைவராயினார். திருட்டுக்குப் பெயர்போனதென்று செய்தித்தாள்கள் தூற்றிய பகுதிக்கு விலையுயர்ந்த படங்களை நம்பி அனுப்பினாரது துணிவும் பாராட்டத்தக்கதன்றோ?

இனி, இக்காட்சியைப் பற்றி எழுந்த பெருவழக்கு படங்களைப் பற்றியதன்று; கிழமையைப் பற்றியது. வாரம் ஆறு நாளும் இருளுமட்டும் உழைப்பவனுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. ஆதலின் ஞாயிற்றுக்கிழமையிலும் காட்சி திறந்திருத்தல் வேண்டுமென்றார் பார்னெட். ஓய்வுநாளை ஆசரிப்பதற்கென்றே அமைந்த சங்கங்கள் அதனைக் கடுமையாய் எதிர்த்தன, அத்தியட்சரிடத்தும் முறையிட்டன. ஞாயிற்றுக்கிழமையிற் பாடப்புத்தகத்தையுந் தொடலாகாதென்னும் வீடுகளில் நம்மிற் பலர் பிறந்திருக்கின்றோம்; அவ்வெதிர்ப்பாளரை நாம் எளிதில் நகைத்துத் தள்ளுதற்கில்லை. கடையொன்று திறக்கின் மற்றொன்று திறக்கும், ஈற்றில் ஏழைக்கு அவ்வொரு நாள் ஓய்வுந்தானும் இல்லையாகும் என்று அஞ்சினாரும் அவருள் இருந்தனர். எனினும், சாராயக்கடை அந்நாளில் திறந்திருக்க, படம் மட்டும் பூட்டிக் கிடப்பதை எவ்வாறு பொறுப்பது? பார்னெட் பின்வாங்கினாரல்லர். இலண்டனிலுள்ள நாட்டுப் பொது ஓவியச்சாலையும் அரும்பொருட்சாலையும் ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கப்பட்டது 1896இல் என்பதை நோக்குமிடத்து, இச்சிறு பள்ளிக்கூடம் அப்பெருநிலையங்களுக்குப் பல்லாண்டு முந்தி நின்றமை புலனாகும்.

படங்களைத் தொங்கவிட்டு அவர் வாளா இருந்தாரல்லர். படந்தோறும் அதன் கதையையும் கருத்தையும் எளிய நடையில் விளக்கும் குறிப்பேடுகள் மலிவாக விற்கப்பட்டன. படித்த இளைஞரும், சிற்சில வேளைகளில் குருவும் தாமே முன்னின்று, வந்தவர்க்குப் பொருள் விரித்துரைத்தனர். ஒவ்வொரு படத்தினின்றும் நீதியொன்றைப் பிழிந்தெடுக்கும் இம்முறை நமக்கு முற்றும் உடன்பாடன்று. மாலைச் செவ்வானத்தைத் தீட்டியவன் செவ்வானத்தையே காட்டினான். அதனடியில் உபதேசம் ஒளித்துவைத்தானெனக் கொள்வது உரையாசிரியர் சிலர் செய்யுளைப் படுத்தும் பாட்டை நினைப்பூட்டுகின்றது. ஆயினும், பார்வையாளர் கூறிய சொற்களை ஹென்ரியெட்டா அம்மையார் கேட்டுக் குறித்துவைத்துக் கட்டுரையாக எழுதினமை பெரிதும் போற்றத்தக்கது. கற்பிக்கப் போனவர் கேட்கவும் அறிந்திருந்தார்.

பள்ளிக்கூட அறைகள் கூட்டத்தைத் தாங்கா ஆயின. நிதி திரட்டப்பட்டு, சார்ல்ஸ் ஹாரிசன் டவுன்செண்ட் என்னும் சிற்பநூல் வல்லுநரால் பெருந்தெருவின்மீதே புதிய கட்டடமொன்று எழுந்தது. 1901ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் ரோஸ்பரி பிரபு அதனைத் திறந்துவைத்தார். பெருங்கலைச் சாலைகளின் முகப்பில் உயர்ந்த தூண்களும் ஏறுதற்கரிய படிவரிசைகளும் இருத்தல் வழக்கம், இதற்கோ படியில்லை. சுடுமண்ணாலியன்ற முகப்பின் கீழ் அகன்ற வளைவு வாயில் தெருவோடு தெருவாக அமைந்தது. நடைபாதையிற் செல்பவன் காலை உயர்த்தாமலே உள்ளே புகலாம். முகப்பின் மேற்பகுதியிற் பதித்தற்கென வால்ட்டர் கிரேன் என்பார் வண்ணக்கல் ஓவியமொன்றை வகுத்திருந்தார்; பணமின்மையால் அது நிறைவேறவில்லை. அவ்விடம் நூறாண்டுக்கு மேல் வெறுமையாய்க் கிடந்து, 2012இல் ரேச்சல் ஒயிட்ரீட் என்னும் சிற்பியார் பொன்முலாம் பூசிய வெண்கல இலைகளைப் பதித்த பின்னரே நிறைவெய்திற்று.

முதற் காட்சிக்கு வந்தோர் தொகை 2,06,000 என்பர்.

நிற்க. இச்சாலையின் தனியியல்பு ஒன்றுண்டு. இதற்குச் சொந்தமான நிலைத்த படத்தொகுதி கிடையாது. அரும்பொருட்சாலை கருவூலம் போல்வது. வந்தது வெளியே போகாது. இதுவோ சத்திரம் போல்வது. வருவன சில திங்கள் தங்கிச் செல்லும், சுவர் மீண்டும் வெறுமையாகும். ஆகவே ஓராண்டில் எவையெவை காட்டப்பெறும் என்னும் தெரிவொன்றே இதன் உயிர். பழம்பெருமையை விரித்துவைத்து வாளா இருத்தற்கு வழியில்லை. ஒவ்வோராண்டும் சுற்றத்தார் முன்னிலையில் புதிதாய்த் தேர்வெழுதியாகல் வேண்டும்.

அத்தெரிவுகள் சிலவற்றைக் காலத்தோடு சேர்த்து நோக்குதல் தகும். திறப்புவிழா நிகழ்ந்த 1901லேயே, ஆங்கில ஓவியங்களை அடுத்துச் சீனரது வாழ்க்கையும் கலையும் காட்டப்பெற்றன. சீனத்திற் பாக்சர் கலகம் எழுந்து, ஐரோப்பியப் படைகள் பீக்கிங் புகுந்து ஓராண்டுங் கழியாத காலம் அது. 1902இல் சப்பானியக் காட்சி. 1908இல் முகம்மதியர் கலையும் வாழ்வும் பற்றிய காட்சி. இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது 1906இல் நிகழ்ந்த யூதர் கலைக்காட்சியே. அயல்நாட்டார் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் 1905இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது; பெயர் கூறாவிடினும், கிழக்கு இலண்டனில் வந்திறங்கிய யூதரையே அச்சட்டம் பெரிதும் குறித்ததென்பது யாவரும் அறிந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், அத்தெருவிலேயே, அம்மக்களின் வழிபாட்டுப் பொருள்களும் ஓவியங்களும் சுவரேறின. கிறிஸ்தவ குரு ஒருவர் தோற்றுவித்த சாலையில் இது நிகழ்ந்தது. சட்டத்தை எதிர்த்து ஆங்குச் சொற்பொழிவேதும் வேண்டியிருந்திராது.

விருந்தினர் படங்களைக் காட்டுவது ஒருபாலாக, அண்டையில் வாழ்வோர் தாமே தீட்டுவனவற்றுக்கு இடமுண்டோ என்னும் வினா பின்னர் எழுந்தது. சாலையை அடுத்து 1892இல் திறக்கப்பெற்ற பொது நூல்நிலையம் ஒன்றிருந்தது. குளிர் காய்வதற்கென்று அதனுட் புகுந்த ஏழைச் சிறுவர் படிக்கவும் கற்றனர். அவ்வட்டாரத்தில் வளர்ந்த டேவிட் பாம்பர்க் என்னும் யூத இளைஞர், 1914இல் நிகழ்ந்த இருபதாம் நூற்றாண்டுக் கலைக்காட்சியில் யூத ஓவியர் பகுதியைத் தாமே தெரிந்தமைத்தார். அதில் இடம்பெற்றவருள் ஐசக் ரோசன்பர்க் கவிஞருமாவார். அவர் 1918இல் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். 1932 முதல், ஆல்ட்கேட் என்னுமிடத்துப் பழைய தெருக்குழாய்க்குக் கிழக்கே வாழ்வோரும் தொழில்புரிவோருமாகிய ஓவியர் அனைவர்க்கும் உரிய காட்சியொன்று ஏற்பட்டது. குழாயை எல்லைக்கல்லாகக் கொண்ட கலைக்கழகம் உலகில் வேறுண்டோ, அறியோம். பின்னாளில் அக்காட்சி இலண்டன் முழுமைக்கும் விரிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை என்னும் முறையினதாயிற்று. விரிந்ததில் மகிழ்ச்சியே, எனினும் அந்தக் குழாயை இழந்தது இழப்பென்றே நமக்குத் தோன்றுகின்றது.

1939ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிக்காஸோவின் கெர்னிக்கா இங்கு வந்தது. ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில், 1937இல் வான்படையாற் குண்டெறிந்து அழிக்கப்பட்ட ஊரின் பெயர் அது. அப்படம் முன்னர் மேற்கு இலண்டனில் காட்டப்பெற்றபோது வந்தோர் சில ஆயிரவரே; ஒயிட்சாப்பலிலோ பதினையாயிரவர்க்கு மேலும் திரண்டனரென்பர். காட்சியைத் திறந்துவைத்தவர் கிளெமெண்ட் அட்லி. 1945இற் பிரதமராகி, நம் நாட்டு விடுதலைக் காலத்து அப்பதவியிலிருந்தவர் இவரே. பார்னெட் 1884இல் அப்பகுதியில் நிறுவிய டாயின்பி மண்டபத்தில் இளமையிற் செயலாளராயிருந்தவருமாவர். பார்வையாளர் ஸ்பெயின் போராளிகளுக்கு அனுப்புமாறு தம் காலணிகளைக் கொணர்ந்து அளித்தனர். அவை படத்தின் அடியில் வரிசையாய்க் கிடந்தன. அடுத்த குளிர்காலத்திற்கு வேறு காலணி வாங்க இயலாதவரும் அவருள் இருந்திருப்பர். அப்படத்திற்கு உரைவிளக்கம் சொல்ல எவரும் வேண்டியிருந்ததா?

போருக்குப் பிற்பட்ட ஆண்டுகளைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். 1956இல் நிகழ்ந்த ‘இதுவே நாளை’ என்னும் காட்சியும், 1958இல் ஜாக்சன் பொலாக், 1961இல் மார்க் ராத்கோ ஆகிய அமெரிக்கரின் காட்சிகளும் இச்சாலையின் பெயரை உலகெங்கும் பரப்பின. தொலைவிலிருந்து வருவோர் பெருகினர். எதிர்வீட்டார் வந்தனரோ என்பது வேறு கேள்வி. அதற்குள் எதிர்வீட்டாரும் மாறிவிட்டிருந்தனர். யூதர் படிப்படியாய் அகல, வங்காளத்துச் சில்ஹெட் பகுதியினின்று வந்த முஸ்லிம்கள் அவ்வீடுகளிற் குடிபுகுந்தனர். அருகிலுள்ள பிரிக் லேன் தெருவில் 1743இல் பிரெஞ்சுப் புரோட்டஸ்டாண்டுகள் கட்டிய தேவாலயம், பின்னர் மெதடிஸ்தரதாகி, 1898இல் யூதரது ஜெபாலயமாகி, 1976இல் மசூதியாயிற்று. சாலையும் இம்மாற்றத்தைக் காணாதிருந்திலது. 1979இல் வங்காளக் கலைக்காட்சி ஆங்கு நிகழ்ந்தது.

2009இல், அடுத்திருந்த பழைய நூல்நிலையக் கட்டடத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு சாலை மீளத் திறக்கப்பெற்றது. அப்போது கோஷ்கா மாசுகா என்னும் கலைஞர், கெர்னிக்காவைப் பார்த்து நெய்த பெருந்திரையொன்றை ஆங்குத் தொங்கவிட்டார். ஐக்கிய நாடுகள் அவையின் பாதுகாப்புக் குழு அறைவாயிலில் நெடுநாள் தொங்கிய திரை அது. 2003இல் இராக்குப் போருக்கான வாதம் ஆங்கு நிகழ்ந்தபோது, செய்தியாளர் படம் எடுக்குமிடத்தில் நீலத் துணியால் மூடப்பட்டது. ஒயிட்சாப்பலில் அதனை மூடவில்லை. அதன் முன்னர் வட்டமேசையொன்று இடப்பட்டது. கூட்டம் நடத்த விரும்பும் எக்குழுவினரும் கட்டணமின்றி வந்தமர்ந்து பேசலாமென்றனர். ஓராண்டுக் காலம் மேசை அங்கிருந்தது.